பிடித்து விடுவது கொல்லாமை ஆகுமா?

கொல்லாமையை நம் முன்னோர் ஏடுகளில் மட்டும் கற்றவர் அல்லர். கிணற்றடியிலும் அடுப்பங்கரையிலும் நெற்களத்திலும் கண்டு பழகியவர்கள். கதிரவன் மறையுமுன் உண்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், புலாலும் கள்ளும் தேனும் நீக்குவதும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களில் இன்றும் பெரும்பாலும் நிலைத்துள்ளன. மீனை உண்ணலாமா என்னும் கேள்வி நம் வீடுகளில் எழுந்ததில்லை. உண்ணாமலும் கொல்லாமலும், பிடித்து மட்டும் விட்டுவிடலாமா என்னும் கேள்வியோ இப்போது எழுந்திருக்கிறது. விடை தெளிவாகத் தெரிவதுபோல் தோன்றினும், இது ஆராயத்தக்க கேள்வியே.

நம் பகுதியில் மாசி தொடங்கிச் சித்திரை முடிய ஏரிகளில் நீர் இறங்கும் காலம். மீன் பாசிக் குத்தகை எடுத்தவர்கள் அப்போது வலை இழுப்பார்கள். 1959-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட வீடூர் அணையின் கரையிலும், தென்பெண்ணையில் எல்லீஸ் சத்திரத்துப் பக்கத்திலும் இளைஞர்கள் தூண்டிலோடு அமர்ந்திருப்பதைக் காணலாம். உடன் படிக்கும் நண்பர்களோடு நம் பிள்ளைகளும் சிலர் அங்கே போய் அமர்கின்றனர். கடல் கடந்து பணிக்குச் சென்ற பிள்ளைகளை அங்குள்ள அலுவலக நண்பர்கள் விடுமுறை நாளில் ஆற்றங்கரைக்கு அழைக்கின்றனர். "அங்கே மீனைக் கொல்வதில்லை. பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிறகு இதில் பாவம் எங்கே இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டால், வெறுமனே அதட்டி வாயடைப்பது அறிவுடைமை ஆகாது. அவர்கள் அறத்தை மறுத்துப் பேசவில்லை. அறத்தின் எல்லை எது என்று கேட்கின்றனர்.

அந்த விளையாட்டின் இயல்பு

மேலைநாட்டார் இவ்விளையாட்டில் மிக உயர்வாகப் போற்றுவது ஸ்டீல்ஹெட் என்னும் மீனை. இது நமக்கு முற்றிலும் அயலான உயிர் அன்று. நீலகிரியில் வானவில் டிரவுட் என வழங்கும் மீனும் இதுவும் ஓரினமே. ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகவே டிரவுட்டை நம் மலைக்குக் கொண்டுவர 1860-களிலிருந்து முயன்றனர். 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தபின் அம்முயற்சி பலித்தது. ஆக, பொழுதுபோக்குக்காக மீனைத் துன்புறுத்தும் வழக்கத்திற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

வானவில் டிரவுட் ஆற்றிலேயே தங்கி வாழும். ஸ்டீல்ஹெட் பசிபிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகளில் பிறந்து, ஓரிரண்டு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, கடலுக்குச் சென்று பருத்து, மீண்டும் தான் பிறந்த ஆற்றை நாடி எதிர்நீரில் ஏறி வருகிறது. வசந்த காலத்தில் கூழாங்கற்களிடையே குழி பறித்து முட்டையிடுகிறது. அதன் உறவினமான சால்மன் வகைகளுள் பல முட்டையிட்டதும் மடிந்துபோகும். ஸ்டீல்ஹெட்டோ உயிர் பிழைத்துக் கடலுக்கு மீண்டு, இன்னொரு முறையும் வரக்கூடியது. நம் ஏரி கோடி போகும்போது நீரை எதிர்த்து ஏறும் கெண்டையையும் கெளுத்தியையும் பார்த்திருப்பவர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும்.

இவ்வாறு வழிநடையில் இருக்கும் மீனைத்தான் தூண்டிலிட்டுப் பிடிக்கின்றனர். முள்ளில் மாட்டிய மீன் நீர்மேல் துள்ளும்; பல கெச தூரம் நரம்பை இழுத்தோடும்; இளைக்கும்; மீண்டும் ஓடும். அதன் ஆற்றல் முற்றும் ஓய்ந்தபின் கரைக்கு இழுத்து, முள்ளை நீக்கி, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு நீரில் விடுகின்றனர். அது வலிமையோடு போராடும் என்பதே அதற்குப் பெரும் புகழைத் தந்தது.

எதிர்வழக்கையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அணைகளாலும் அளவிறந்த மீன்பிடிப்பாலும் இம்மீன் பல ஆறுகளில் அருகிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் பகுதி ஸ்டீல்ஹெட், 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்த ஸ்காஜிட் ஆற்றில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த வசந்த காலப் பருவம், பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்னும் கட்டளையுடன் 2018-இல் மறுபடி திறக்கப்பட்டது. கொளுவு இல்லாத முள்ளையே பயன்படுத்துதல், மீனை நீரைவிட்டு வெளியே எடுக்காதிருத்தல் போன்ற ஒழுங்குகளும் ஆங்காங்கே உள்ளன. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் பொருள்களின்மேல் விதிக்கும் வரி மீன்வளக் காப்புக்கே செலவிடப்படுகிறது. ஆற்றை நேசிப்பவர்களும் ஆற்றுக்காகப் போராடுபவர்களும் அவர்களுள் பலர். இவற்றை மறுப்பது உண்மைக்கு மாறாகும்.

உயிர் போகாவிடில் ஹிம்சை இல்லையா?

ஹிம்சை என்பது உயிர் நீங்கும் நொடியில் மட்டும் நிகழ்வதாயின் இக்கேள்வி இத்துடன் முடிந்துவிடும். ஜினாகமம் அவ்வாறு கூறவில்லை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, விழிப்பின்மையும் கஷாயமும் கலந்த முக்கரணச் செயலை முதலில் வைத்து, அதனால் பிற உயிரின் பிராணனுக்கு நேரும் ஊறினைப் பின்னர் வைத்தார். பிராணன் என்பதற்கும் நம் நூல்களில் விரிந்த பொருள் உண்டு. ஐம்பொறிகளும், மனம் மொழி மெய் என்னும் மூவகை வலிமையும், உயிர்ப்பும், ஆயுளும் ஆகிய பத்தும் பிராணன்களே. மீன் அவ்வனைத்தும் உடைய ஐம்பொறி உயிர். ஓடிக் களைத்து மெய் வலிமை குன்றுவதும், உயிர்ப்பு முட்டுவதும், வாயைத் துளைப்பதும் பிராணனுக்கு இழைக்கும் ஊறேயாகும்.

அதே நூல் அஹிம்சா அணுவிரதத்தைக் கறைப்படுத்தும் ஐந்து அதிசாரங்களைக் கணக்கிடுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சேதித்தல், மிகு பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியவை அவை. இவற்றுள் எதிலும் கொலை இல்லை. விலங்கை உயிரோடு வைத்துக்கொண்டே செய்யும் கொடுமைகள் இவை. உயிர் போகவில்லையே என்று சொல்லித் தப்ப முயல்பவனை மனத்திற்கொண்டே ஆசாரியர் இப்பட்டியலை வகுத்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. தூண்டிலில் கட்டும் உண்டு, சேதமும் உண்டு.

மீனுக்கு நோவு தெரியாது என்று சிலர் நெடுங்காலம் வாதித்தனர். 2003-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் வானவில் டிரவுட்டின் முகத்திலும் வாயிலும் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் தேனீயின் நஞ்சும் அமிலமும் செலுத்தப்பட்ட மீன்கள் நெடுநேரம் உணவை நாடவில்லை, உடலை ஊசலாட்டின. அமிலம் பட்டவை உதட்டைக் கற்களில் தேய்த்தன. ஓர் உயிரை வருத்திச் செய்த இச்சோதனையை நம் சமயம் ஏற்காது. ஆயினும் வெளிப்பட்ட உண்மையை மறைக்கவும் வேண்டியதில்லை. தூண்டில் முள் தைப்பது அதே உதட்டில்தான்.

புறத்தே நிகழும் திரவிய ஹிம்சை ஒருபுறம் இருக்க, அகத்தே நிகழும் பாவ ஹிம்சையை நோக்குவோம். இதற்கு நமக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழில் யசோதர காவியம் இருக்கிறது. அரசன் யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று. மாவினால் செய்த கோழியை. அங்கே ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் பலியிடும் எண்ணத்தோடு வாளை ஓங்கியதால் அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். அவன் எடுத்த பிறவிகளுள் மீன் பிறவியும் ஒன்று. அப்பிறவியில் அவன் பிடிபட்டு, வெந்து, தன் வீட்டாருக்கே உணவானான். மாக்கோழியை வெட்டியதற்கே வினை இவ்வாறு தொடருமாயின், உயிருள்ள மீனின் துடிப்பைக் கண்டு மகிழ்வதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பயனில்லாத் துன்பம்

இல்லறத்தானுக்கு ஹிம்சை முற்றும் நீங்காது என்பதை ஆகமம் ஒப்புக்கொள்கிறது. சமைத்தலில் ஆரம்ப ஹிம்சையும், உழவு வாணிகங்களில் உத்யோக ஹிம்சையும், தற்காப்பில் விரோத ஹிம்சையும் நேரும். இவற்றைக் குறைக்க முயல வேண்டும். எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சையை மட்டும் முற்றிலும் விலக்க வேண்டும். தூண்டிலிடுதல் சங்கல்பமே. கை தவறி எவரும் முள்ளில் இரை கோப்பதில்லை.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்பதை அருங்கலச்செப்பு முதலிய சாவக ஒழுக்க நூல்கள் விளக்குகின்றன. தனக்கோ பிறர்க்கோ எத்தேவையும் இல்லாத இடத்தில் உயிர்களை வருத்துதலே அநர்த்த தண்டம். வியப்பு என்னவெனில், ஐரோப்பிய நாட்டுச் சட்டமொன்று வேறு வழியில் நடந்து இதே வாயிலை அடைந்திருக்கிறது. விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடித்தலைச் சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்தன. உண்பதற்குப் பிடித்தால் காரணம் உண்டு. விளையாட்டுக்குப் பிடித்து விடுவதற்குக் காரணம் இல்லை என்பது அவர்கள் துணிபு. உணவும் தக்க காரணம் ஆகாது என்பது நம் கொள்கை. எனினும் விளையாட்டு ஒரு காரணமே ஆகாது என்பதில் அவர்களும் நாமும் உடன்படுகிறோம்.

சோமதேவ சூரி 959-ஆம் ஆண்டில் நிறைவு செய்த யசஸ்திலக சம்புவில் உழவனையும் வலைஞனையும் ஒப்பிடுகிறார். உழவன் ஏரோட்டும்போது உயிர்கள் மடிந்தாலும் அவன் நினைவு விளைச்சலில் இருக்கிறது. வலைஞன் ஒரு மீனும் பிடிக்காத நாளிலும் அவன் நினைவு பிடிப்பதிலேயே இருக்கிறது. இவ்வொப்பீட்டை நம் உழவர் குடும்பங்கள் தமக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பிடித்து விடும் விளையாட்டினனுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. வலைஞனின் நினைவில் பசித்த குழந்தைகளும் இருந்தனர். இவன் நினைவில் இருப்பது நரம்பின் இழுப்பு ஒன்றே.

மிருகசேனன் விட்ட மீன்

இங்கே ஒரு தடை எழலாம். மீனைப் பிடித்து விட்டவனை நம் நூல்களே புகழ்கின்றனவே என்று கேட்கலாம். ஆம், புகழ்கின்றன. அதே யசஸ்திலகத்தில் மிருகசேனன் கதை இருக்கிறது. அவந்தி நாட்டில் வாழ்ந்த அவ்வலைஞன் ஒரு முனிவரிடம் நோன்பு வேண்டினான். தொழிலை விடும் நிலையில் அவன் இல்லை என்பதை அறிந்த முனிவர், வலையில் முதலில் அகப்படும் உயிரை விட்டுவிடுமாறு சிறிய நோன்பொன்றைத் தந்தார். அன்று ஆற்றில் பெரிய மீன் ஒன்று சிக்கியது. அடையாளமாகத் துணிக்கீற்றைக் கட்டி அதை விட்டான். மறுபடியும் வலை வீசினான்; அதே மீன் வந்தது. ஐந்து முறை வந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி சினந்து கதவடைத்தாள். வெளியே படுத்துறங்கியவனைப் பாம்பு தீண்ட, நோன்பு கலையாமலே இறந்தான். மறுபிறவியில் வணிகர் குடியில் பிறந்து, ஐந்து முறை கொலையினின்று தப்பினான் என்பது கதை.

மிருகசேனன் செய்ததும் பிடித்து விட்டதே. ஸ்காஜிட் ஆற்றங்கரையில் நிற்பவன் செய்வதும் அதுவே. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டையும் நம் வீட்டுக் கிணற்றடி வழக்கம் ஒன்றோடு சேர்த்து எண்ணினால் வேறுபாடு விளங்கும். நீரை வடிகட்டியபின் துணியில் தங்கிய சிற்றுயிர்களை, எடுத்த கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பது நம் மரபு. வேற்று நீரில் அவை மடியக்கூடும் என்னும் அச்சத்தால் அவ்வாறு விதித்தனர். அங்கும் உயிர்கள் அகப்படுகின்றன, விடப்படுகின்றன.

நீர் வடிகட்டும் இல்லாள் உயிரைப் பிடிக்க விரும்பவில்லை; அதைப் பருகிவிடக் கூடாது என்றே துணியிடுகிறாள். மிருகசேனன் பிடிக்க விரும்பினான். ஆனால் விட்டபோது தன் உணவை இழந்தான், இல்லத்தை இழந்தான், முடிவில் உயிரையும் இழந்தான். ஆற்றங்கரை விளையாட்டினனோ விடும்போது எதையும் இழப்பதில்லை. அவன் நாடி வந்தது மீனின் போராட்டம். அதை முழுமையாகப் பெற்றுக்கொண்டான். தனக்கு வேண்டாததாய் எஞ்சியிருந்த உடலைத்தான் ஆற்றுக்குத் திருப்பித் தருகிறான். மீண்டும் ஒருநாள் பிடிக்கலாம் என்னும் எண்ணமும் அத்துடன் இருக்கிறது. எனவே விடுதல் என்னும் செயலை மட்டும் நோக்கி அறத்தை அளக்க இயலாது. பிடிக்குமுன் மனம் எதை நாடியது, விட்டபோது எதைத் துறந்தது, விட்டபின் எதை எண்ணுகிறது என்னும் மூன்றையும் வினவிய பின்னரே கணக்கு முடியும்.

அநேகாந்த நோக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொன்று தின்றே பழகிய ஒரு சமுதாயம் பிடித்ததை விடக் கற்றுக்கொண்டால், அவர்களுக்கு அது ஒரு படி ஏற்றம். அதைக் குறைத்துப் பேசுவது தகாது. தலைமுறை தலைமுறையாகத் தூண்டிலைத் தொடாத குடியில் பிறந்தவன் பிடித்து விடக் கற்றுக்கொண்டால், அவனுக்கு அது ஒரு படி இறக்கம். செயல் ஒன்றே, ஏறுகின்றவனா இறங்குகின்றவனா என்பதைப் பொறுத்து அதன் முகம் மாறுகிறது.

நம் ஊர் ஏரியும் நாமும்

இவ்வளவும் கூறியபின், ஏரியில் வலை இழுக்கும் ஏழையை இகழும் எண்ணம் நமக்கு வருமாயின், மான கஷாயம் நம்மைப் பற்றிவிட்டது என்று பொருள். அவன் செயலும் சங்கல்பமே. அதை ஆகமம் மன்னித்துவிடவில்லை. ஆனால் எண்ணத்தின் தீவிரமும் மென்மையும், அறிந்து செய்தலும் அறியாது செய்தலும் வினையின் வரவில் வேற்றுமை விளைக்கும் என்று உமாசுவாமி ஆசாரியரே வகுத்திருக்கிறார். அறம் கேட்டு வளர்ந்து, வயிறு நிறைந்து, கரையில் அமர்ந்து விளையாடுபவன் அறிந்து செய்கிறான். முனிவர் மிருகசேனனை விரட்டவில்லை. அவனால் இயன்ற நோன்பைத் தந்தார். நாம் அண்டை வீட்டாரிடம் காட்ட வேண்டிய முறையும் அதுவே.

அநர்த்த தண்டத்தின் வகைகளுள் நம்மைத் தொடும் சில உள்ளன. மீன் எங்கே மிகுதி என்று பிறர்க்குச் சொல்வது பாபோபதேசம். வலையும் தூண்டிலும் வாங்கித் தருவது ஹிம்சாதானம். மீன் பாசி ஏலத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். கைப்பேசியில் தூண்டில் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து மகிழ்வது அபத்தியானத்துக்கு வாயில் திறப்பது. குத்தகைப் பணம் ஊர்ப் பொதுவில் சேர்ந்து, அதனால் செப்பனிட்ட தெருவில் நாமும் நடக்கிறோமே என்று சிலர் வருந்துவர். அணுவிரதம் என்னும் பெயரிலேயே அதற்கு விடை இருக்கிறது. இல்லறத்தானின் விரதம் அளவுடையது. ஏலத்தில் பங்கு கொள்ளாமலும், அதற்குப் பொருள் தராமலும், அதன் வரவில் தனிப்பட்ட பங்கு கேளாமலும் இருக்கலாம். ஊரோடு பகையாமலும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்குத் தடையை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. அவர்கள் ஆற்றங்கரையை விரும்புவது குற்றம் அன்று. நீரின் ஓட்டமும் காலை அமைதியும் நண்பர் துணையும் எவர்க்கும் இனியவை. அவற்றுக்கு முள் தேவையில்லை. 2021-ஆம் ஆண்டில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி நமக்கு அருகிலேயே உள்ளது. அங்கே அழைத்துச் செல்லலாம். சித்திரை வெயிலில் வற்றிவரும் குட்டையில் தவிக்கும் மீன்களை ஆழமுள்ள நீரில் கொண்டு சேர்க்கும் பணியில் ஈடுபடுத்தலாம். மீனைக் கையில் எடுத்து நீரில் விடும் மகிழ்ச்சி அதில் உண்டு. அம்மகிழ்ச்சிக்காக முதலில் அதைத் துளைக்க வேண்டிய தேவை இல்லை.

தீர்த்தங்கரரைக் கருவுற்ற தாய் காணும் பதினாறு கனவுகளுள், நீரில் விளையாடும் இணைமீன் ஒன்று என்பதை நம் இல்லத்துப் பெண்மணிகள் நன்கு அறிவர். மீன்கள் தம் விருப்பப்படி விளையாடுவதைக் காண்பதே நமக்கு மங்கலமாகச் சொல்லப்பட்டது. அவற்றின் துடிப்பை நம் விளையாட்டாக ஆக்கிக்கொள்ள எந்த ஆசாரியரும் இடம் தரவில்லை. அகப்பட்டதை விடுவது நன்று. அகப்படுத்தாமல் இருப்பது அதனினும் நன்று. பிந்தியதைப் பிறப்புரிமையாகப் பெற்ற நாம், அதை அடுத்த தலைமுறைக்குக் காரணத்தோடு எடுத்துக் கூறி ஒப்படைப்போமாக.